சரிசெய்யாத படம்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்க வேண்டும் எனப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படித் தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். அதனால் விட்டுவிடுகிறேன். உன் வாலுதான் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும் இடங்களில் பயந்துகொண்டு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். பேனா குத்தித் தாள் கிழிந்திருந்தால் அது கோபம்.

இது உன் கைக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதறிவிடுவாய். நீ போன புதிதில் உன் பால்கனியிலிருந்து எடுத்து அனுப்பிய படங்களில் எதிரே ஒரு தையல் கடை இருக்கும். அந்தக் கடைக்காரம்மா அண்ணாந்து பார்த்துக் கையாட்டுவது போல ஒரு படம் அனுப்பி, "இந்த ஊர்ல என்னைப் பார்த்துக் கையாட்டுறது இவங்க ஒருத்தங்கதான்" என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கி, கடைப் பலகையிலிருந்த கதவு எண்ணையும் தெருப் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். உறைக்குள் உறை வைத்து அனுப்புகிறேன். நீ தனியாக வரும்போது மட்டும் கொடுக்கும்படி அவருக்குத் தனியாகச் சில வரிகள் எழுதியிருக்கிறேன். தபாலில் போடப் போகிறவள் என் பக்கத்து இருக்கைக்காரி, நீ சோடாபுட்டி என்று கிண்டல் செய்வாயே, அவள்தான். என்ன கடிதம் என்று துளைத்தாள். காதல் கடிதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இனி உயிரே போனாலும் வெளியே சொல்ல மாட்டாள்.

நான் இப்போது நம் ஸ்டுடியோவில், நீலத் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் தலை சீவிக்கொள்ளும் கண்ணாடிக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கு மட்டும் எரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமுகிறார். இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அடங்கியதும் மறுபடி போடுகிறேன். என் போன் என்னிடம் இல்லை. அப்பா வாங்கி, மெமரி கார்டுகள் வைக்கும் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். ஏன் என்று சொல்கிறேன். என் பக்கத்தில் சுருட்டி வைத்த ஒரு பெரிய பிரிண்ட் இருக்கிறது. இந்தக் கடிதத்தை முடித்ததும் அதை வைத்து ஒரு காரியம் செய்யப் போகிறேன். அதற்குத்தான் இந்தப் பயம்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் நாம் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு நாளைக்கு ஒரு படம். நீ அங்கிருந்து ஒன்று, நான் இங்கிருந்து ஒன்று. யாரையும் நிற்க வைத்து எடுக்கக் கூடாது, சிரிக்கச் சொல்லக் கூடாது, எடுத்த பிறகு எதையும் சரிசெய்யக் கூடாது. நம் வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு விளையாட்டு தோன்றும். கடை ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும் வரை இங்கே சரிசெய்வதுதானே பிழைப்பு! பருவை எடு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பை எடு, கழுத்து மடிப்பை எடு. "கண்ணாடியில பாக்க முடியாத முகத்தை நாம படத்துல குடுக்கணும்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஒருமுறை அந்த வங்கிக் காவலாளியின் பாஸ்போர்ட் படத்தில் மூக்கோரம் இருந்த மருவை எடுத்துவிட்டாரே. அங்க அடையாளம் என்று அவர் குறிப்பிட்டிருந்ததே அந்த மருவைத்தான். அலுவலகத்தில் திருப்பி அனுப்ப, அவர் வந்து நின்று, "சார், பொறந்ததுலேருந்து என்கூடவே இருக்கு சார், எடுக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். நாம் இரண்டு பேரும் இதே திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஆரம்பத்தில் நான் அழகான படமாகத் தேடி அலைந்தேன். மேகம், மழைத்துளி, பூ. பிறகு மேகமும் அலுத்துவிட்டது, பூவும் அலுத்துவிட்டது. ஆனால் உனக்கு அன்றைய படம் அனுப்பியாக வேண்டும். அதனால் வீட்டுக்குள்ளேயே பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நாள் ஸ்டுடியோ நாற்காலியை எடுத்தேன். அதன் முன் விளிம்பில் மட்டும் துணி நைந்து நூல் தொங்குகிறது, சாயும் இடம் புதுசாகவே இருக்கிறது. இத்தனை வருடத்தில் படம் எடுக்க வந்த ஒருவரும் சாய்ந்து உட்காரவில்லை, எல்லோரும் நுனியிலேயே உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை உனக்கு அனுப்பிய அன்று சாப்பிட உட்கார்ந்தபோது என்னைப் பார்த்தேன். நானும் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பா என்ன சொல்லப் போகிறாரோ என்று எழுந்து ஓடத் தயாராக.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். படம் எடுத்து முடிந்த மறு நொடியில் மனிதர்களுக்கு வேறொரு முகம் வரும். பிடித்து வைத்திருந்த சிரிப்பைக் கீழே வைப்பார்கள். அதுதான் அவர்களுடைய முகம். ஒரு கணவன் மனைவி வந்திருந்தார்கள். அப்பா, "இன்னும் கொஞ்சம் நெருக்கமா நில்லுங்க" என்றதும் அந்த ஆள் மனைவியின் தோளைச் சுற்றிக் கை போட்டார். படம் முடிந்தது. கையை எடுத்ததும் அந்த அம்மா மூச்சு விட்டார். அந்த மூச்சை நான் எடுத்தேன். உனக்கு அனுப்பினேன். எல்லாப் படத்துக்கும் ஏதாவது கிண்டல் எழுதுகிறவள், அதற்கு மட்டும் நீ ஒன்றுமே எழுதவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மாவை நான் எடுத்த படங்களை ஒரு நாள் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் நடுவில் இல்லை. பாதி முதுகு, ஒரு கை, கதவைத் தாண்டிப் போகும் கால். நான் அப்படி எடுத்தேனா, அவள் அப்படி வாழ்கிறாளா என்று தெரியவில்லை. தினம் ஒரு படம் எடுப்பதில் இதுதான் தொல்லை. பார்க்க ஆரம்பித்த பிறகு, பார்க்காதது போல இருக்க வராது.

உன் படங்களைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும். முதலில் தெரு வந்தது, பால்கனிக் கொடியில் காயும் துணி வந்தது, தையல் கடைத் துணிக் குவியலில் தூங்கும் பூனை வந்தது. அதன் கீழே "என் மாமியாரைவிட நல்லா தூங்குது" என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அம்மாகூடச் சிரித்தாள். பிறகு தெரு நின்றது. பிறகு பால்கனி நின்றது. பிறகு நீ மட்டும், அதே பழுப்புச் சுவர், வேர்த்துக் கொட்டும் காலத்தில் முழுக்கைச் சட்டை. "நல்லா இருக்கேன்" என்று இரண்டே சொல். அந்தப் படங்களை நீ எடுக்கவில்லை அக்கா. எடுக்கிறவர் வேறு. கேமராவைப் பார்க்கிற கண் வேறு, கேமராவைப் பிடித்திருக்கிற ஆளைப் பார்க்கிற கண் வேறு. உன் கண் லென்ஸுக்குக் கொஞ்சம் மேலே, அங்கே இருக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரியாகச் சிரித்தேனா என்று கேட்பது போல.

வீட்டில் எல்லோரும், "என்ன ஒரு களை வந்திருக்கு பாரு" என்றார்கள். நான் உன் கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உங்கள் முதல் வருடக் கல்யாண நாள் படம் வந்தது. உன் வீட்டுக்காரர்தான் அப்பாவுக்கு அனுப்பினார். அவரை அத்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னித்துக்கொள், அல்லது மன்னிக்காதே. அந்தப் படத்தில் மட்டும் நீ கை குட்டையான உடை போட்டிருந்தாய், அவர்கள் வாங்கிக் கொடுத்த புது உடையாம். அப்பா அதைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, வாசல் ஷோகேஸில் வைத்தார். மாட்டிவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்து, "நல்ல கையில பிடிச்சுக் குடுத்திருக்கீங்க சார்" என்று அப்பாவின் கையைக் குலுக்கினார்.

அன்று சாயங்காலம் வேறு ஒரு வேலைக்காகக் கணினியைத் திறந்தேன். உனக்குத் தெரியும், எவ்வளவு சரிசெய்தாலும் அப்பா மூலப்படத்தை அழிக்க மாட்டார், சரிசெய்ததைத் தனியாகத்தான் சேமிப்பார். உன் பெயர் போட்ட கோப்புறையில் இரண்டு படங்கள் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூலப்படத்தில் உன் இடது கையில், தோளுக்குக் கீழே, வரிசையாக நான்கு தடம் இருந்தது. ஷோகேஸில் இருக்கும் படத்தில் இல்லை.

அக்கா, அதை எவ்வளவு அழகாக எடுத்திருந்தார் தெரியுமா? தோலின் மயிர்க்கால்கூடக் கலையவில்லை. கல்யாண ஆல்பங்களுக்குக்கூட அவர் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்ததில்லை. அப்படி எடுக்க வேண்டுமென்றால் அந்த இடத்தைத் திரை முழுக்க நிறையும்படி பெரிதாக்கி, ஒவ்வொரு தடத்தையும் ஓரத்திலிருந்து தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். கவனிக்கவில்லை, தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. அப்பா பார்த்தார். நாங்கள் யாரும் பார்ப்பதற்கு முன்னால் பார்த்தார். பார்த்துவிட்டு வேலையைச் செய்தார்.

போய்க் கேட்டேன். "அது நிழல்மா. ஜன்னல் கம்பியோட நிழல், படத்துல உறுத்தலா தெரிஞ்சுது, எடுத்துட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல், பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டே. வெளிச்சம் உன் வலது பக்கத்திலிருந்து வருகிறது, அடையாளம் இடது கையில் இருட்டுப் பக்கமாக இருக்கிறது, "நிழலுக்குள்ள நிழல் விழுமாப்பா?" என்றேன். நிழலுக்கு ஓரத்தில் மஞ்சள் நிறம் வருமா என்றும் கேட்டேன். வெட்டுகிற கத்தி நின்றது. "எனக்கே வெளிச்சம் சொல்லித் தர்ற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா? போ, போய்ப் புத்தகத்தை எடு" என்றார். அவர் வெட்டி வைத்திருந்த படத்தில் யாரோ ஒருவருடைய பாதிக் காது போயிருந்தது.

அன்று இரவுதான் உனக்கு அந்தக் கேள்வியை அனுப்பினேன், கையில் என்ன என்று. உடனே பதில் வந்தது: "தங்கச்சி, கதவில் இடித்துக்கொண்டேன். படிப்பைக் கவனி." நீ என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டது உண்டா? வாலு, குரங்கு, அறுந்த வாலு, இதைத் தவிர வேறு என்ன பெயர் எனக்கு உன்னிடம்? படிப்பைக் கவனி என்று நீ சொன்னால் அது கிண்டலாக அல்லவா இருக்கும். உன் போன் யார் கையில் இருக்கிறது என்று அப்போது புரிந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. நான் கேட்ட கேள்விக்கு எனக்கு ஒரு வரி பதில் வந்தது. உனக்கு அங்கே என்ன கிடைத்தது? அதை நினைத்து நினைத்து இதுவரை நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

மறுநாளே அவன் அப்பாவுக்குப் போன் செய்தான். (அவன் என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தப் போவதில்லை.) சின்னப் பெண்ணை அடக்கி வையுங்கள், குடும்பத்தில் கலகம் மூட்டுகிறாள் என்றானாம். அப்பா, "சரிங்க மாப்பிள்ளை, சரிங்க மாப்பிள்ளை" என்று நின்றுகொண்டே பேசினார். போனை வைத்துவிட்டு என் போனை வாங்கினார். அம்மாவிடம், "கதவுல இடிச்சுக்கிட்டாளாம்" என்றார். நிழல் என்று சொன்ன அதே வாய். எது அவருக்கு வசதியோ அது.

நீ போன் செய்ததும் எனக்குத் தெரியும். யாருடைய போனிலிருந்தோ பேசினாய். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன், அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமா என்றாய். "இவளுக்குப் பரீட்சை நேரம்மா, இருக்கிறது ஒரு ரூம், இவ படிக்க வேண்டாமா? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றாள். என் பரீட்சை! என்னைக் கேட்டார்களா? நான் எந்தக் காலத்தில் ஒழுங்காகப் படித்தேன், உன்னை வராதே என்று சொல்லிவிட்டுப் படிப்பதற்கு? என்னைக் கதவுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து வைத்துவிட்டார்கள் அக்கா, நீ தள்ளினால் திறக்காதபடி. நீயும் "சரிம்மா" என்றாய். அந்த "சரிம்மா"வைக் கேட்டு உன்மேலும் எனக்குக் கோபம் வந்தது. தட்டைக் கீழே போட்டு உடைத்தேன். வேண்டுமென்றேதான். அம்மா திட்டினாள். நீ அதற்குள் வைத்துவிட்டாய்.

அதனால் நான் செய்யப் போவதைச் சொல்கிறேன். மதியம் அப்பா வெளியே படம் எடுக்கப் போயிருந்தபோது மூலப்படத்தை அதே அளவில் பிரிண்ட் போட்டுவிட்டேன். நான்கு தடத்தோடு. ஷோகேஸைப் பின்பக்கமாகத் திறந்து, சட்டத்தைக் கழற்றி, அந்தப் படத்தை எடுத்துவிட்டு இதை வைக்கப் போகிறேன். காலையில் அப்பா ஷட்டரைத் தூக்கும்போது தெருவே பார்க்கட்டும். நல்ல கை என்று சொன்ன மருந்துக்கடைக்காரரும் பார்க்கட்டும், அது எப்படிப்பட்ட கை என்று. அப்புறம் என்னை அடித்தாலும் சரி, பள்ளியை நிறுத்தினாலும் சரி. பயமாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்துவிட்டேன், போகிறேன்.

~

முடிக்கவில்லை. திரும்பி வந்து எழுதுகிறேன்.

சட்டத்தைக் கழற்றினேன். படத்தை மாற்றினேன். தூக்கி உள்ளே வைக்கப் போகும்போது கை நின்றுவிட்டது. என் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போவார்கள். விரலை நீட்டிக் காட்டுவார்கள். உன் கையை. அந்தக் காவலாளியின் குரல்தான் எனக்குக் கேட்டது, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. அப்பா உன்னைக் கேட்காமல் அழித்தார். நான் உன்னைக் கேட்காமல் காட்டப் போகிறேன். கோபத்தில் செய்தால் மட்டும் அது நியாயமாகிவிடுமா? சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். உள்ளே வைக்கவும் முடியவில்லை, எடுக்கவும் மனம் வரவில்லை. ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

அம்மா வந்து நின்றதை ஷோகேஸ் கண்ணாடியில்தான் பார்த்தேன். அலறப் போன என் வாயைப் பொத்தினாள். என்ன இது என்று கேட்கவில்லை. சட்டத்தை வாங்கிக்கொண்டு போய் இந்தச் சின்ன விளக்குக்குக் கீழே வைத்துக் குனிந்து பார்த்தாள். அப்பா அவளுக்கு இந்தப் படத்தைக் காட்டவே இல்லையாம், ஷோகேஸில் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் இடது கையைப் பிடித்து இழுத்து, சட்டைக் கையை மேலே ஏற்றி, தன் நான்கு விரலையும் அந்த இடத்தில் வைத்தாள். படத்தைப் பார்த்தாள். விரலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"கதவுக்கு விரல் கிடையாதே" என்றாள்.

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. என் கையை விடவே இல்லை.

நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. "வீட்ல இடமில்லைன்னு சொன்னியேம்மா" என்றேன். குரலை அடக்கித்தான் கேட்டேன், ஆனால் கத்துவது போலத்தான் இருந்திருக்கும். "வந்து உக்காந்துட்டா நாலு பேரு என்ன ஏதுன்னு கேப்பாங்களேன்னு..." என்று ஆரம்பித்தாள். "எப்பப் பாத்தாலும் நாலு பேரு, நாலு பேரு! இந்த நாலு விரலை எண்ணுனியா?" என்றேன். அறைவாள் என்று நினைத்தேன். அறையவில்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அப்பா இந்தப் படத்தை மாட்டிய நாளிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை, எழுந்து எழுந்து உட்காருகிறார் என்றாள். அவருக்குத் தூக்கம் வராததால் உனக்கு என்ன ஆகப் போகிறது என்று கேட்டேன்.

சட்டத்தை எடுத்துக்கொண்டு ஷோகேஸ் பக்கம் போனேன், என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று. அப்போதுதான் எழுந்தாள். "தெருவுக்கு எதுக்குடி? பாக்க வேண்டிய ஆளு வீட்டுக்குள்ளயே படுத்திருக்காரு" என்றாள். என்னிடமிருந்து வாங்கி, அப்பாவின் மேசைக்குக் கொண்டுபோய், கணினித் திரையை மறைத்தாற்போல் சாய்த்து வைத்தாள். காலையில் அவர் வந்து உட்கார்ந்தால் முதலில் உன் கைதான் தெரியும். அதை நகர்த்தாமல் அவரால் ஒரு வேலையும் தொடங்க முடியாது. சரிசெய்த படத்தைச் சுருட்டித் தன்னோடு எடுத்துக்கொண்டாள். ஷோகேஸ் காலியாக இருக்கிறது.

காலையில் என்ன நடக்கும் என்று தெரியாது. அப்பா உடைந்து போவாரா, அல்லது அதையும் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடையைத் திறப்பாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வருடம் முழுக்க தினமும் பார்த்தும் எனக்கு இந்த முகம் மட்டும் பிடிபடவில்லை. அம்மா பேசுகிறேன் என்கிறாள். பேசட்டும். நான் நம்பிவிட்டேன் என்று எழுத மாட்டேன். நேற்று வரை ஸ்பீக்கரில் பொறுத்துக்கோ என்றவள்தானே.

ஆனால் உள்ளே போகும்போது இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். "அவளுக்கா?" என்றாள். தலையாட்டினேன். படிக்கக் கேட்கவில்லை. "எழுது" என்றாள். கதவு வரை போய்த் திரும்பி, "வரச் சொல்லு. பரீட்சைன்னு நான் சொன்னதெல்லாம் பொய்யின்னும் எழுது" என்றாள். அதை அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

அதனால் வா அக்கா. அப்பா சம்மதித்தார் என்று தகவல் வரட்டும் என்று காத்திருக்காதே. அந்தத் தையல்கார அம்மாவிடம் சொல், கையாட்டத் தெரிந்தவருக்குப் பேருந்து ஏற்றிவிடவும் தெரியும். பெட்டி கட்டாதே, பெட்டியைப் பார்த்தால் கேள்வி வரும். நூல் வாங்கப் போவது போலக் கிளம்பி வா. எந்த நேரம் வந்தாலும் பின்பக்கம் வந்து என் ஜன்னலைத் தட்டு, நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். என் கட்டிலில் சுவர் பக்கம் உனக்கு. என்னை உதைத்துத் தள்ளிவிட்டு முழுதாக எடுத்துக்கொண்டாலும் இந்த ஒரு தடவை சண்டை போட மாட்டேன்.

வரும்போது முழுக்கைச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வராதே. வழியில் எங்கேயும் நின்று முகத்தைத் துடைத்துக்கொள்ளாதே. அம்மா பார்த்தால் தாங்க மாட்டாள், அப்பா உடைந்துவிடுவார் என்று எதையும் இழுத்து மூடிக்கொண்டு வராதே. எப்படி இருக்கிறாயோ அப்படியே உள்ளே வா. எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும். இத்தனை நாள் இல்லாமல் போனதுதான் தப்பு.

அதுவரை பத்திரமாக இரு. தயவுசெய்து பத்திரமாக இரு.

உன்னை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும்,
வாலு